காரைக்குடிப் பந்தலில் கேட்ட பேச்சு

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். "பழைய மாணவர்கள் மட்டுமில்லை, இப்போது படிக்கிற பிள்ளைகளும் படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். தொண்டைமான் மன்னர்கள், திருமயம் கோட்டை, குடுமியான்மலைக் கல்வெட்டு என்று எழுத நம் சங்கத்திலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே யாரும் அதிகம் தொடாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது கூட்டம் கூடிப் பேச்சுக் கேட்ட வரலாறு.

இதற்குக் காரணமும் ஒரு மாணவத் தம்பிதான். செல்போனில் 'டெட்' பேச்சுகளை விடாமல் பார்க்கிறவர். "ஐயா, உலகத்திலே பெரிய பெரிய சிந்தனையாளர்களைக் கூப்பிட்டு மேடை ஏத்தி, அவங்க யோசனையைச் சாதாரண ஜனங்களுக்குச் சொல்ல வைக்கிறாங்க. நம்ம பக்கம் இந்த மாதிரி எதுவுமே இருந்ததில்லையா?" என்று கேட்டார். அரிமளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை இப்படிக் கேட்டது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. காரைக்குடி நமக்கு என்ன, கண்காணாத சீமையா?

முதலில் அவர் சொன்ன டெட்டைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து மான்டெரே என்ற கடற்கரை ஊரில் 1984இல் ரிச்சர்ட் சால் வுர்மன் என்பவரும் ஹாரி மார்க்ஸ் என்பவரும் சேர்ந்து அதை ஆரம்பித்தார்கள். தொழில்நுட்பம், கேளிக்கை, வடிவமைப்பு என்ற மூன்று துறைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. அப்போது புதிதாக வந்திருந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியையும் இசைக் குறுந்தட்டையும் அங்கே காட்டினார்கள். ஆனாலும் கையைக் கடித்துவிட்டது. நஷ்டப்பட்டு ஆறு வருஷம் சும்மா இருந்துவிட்டு 1990இல்தான் மறுபடி நடத்தினார்கள். 2001 முதல் கிறிஸ் ஆண்டர்சன் பொறுப்பேற்றார். 2006இல் பேச்சுகளை இணையத்தில் இலவசமாகப் போட்ட பிறகுதான் உலகத்துக்கே அது தெரிந்தது. பேச்சாளர் எவ்வளவு பெரிய ஆளானாலும் 18 நிமிஷம்தான். 2009 நவம்பரில் மைசூரிலும் ஒரு மாநாடு நடந்தது. அதே ஆண்டில்தான், அந்தந்த ஊர்க்காரர்களே உரிமம் பெற்று நடத்திக்கொள்ளும் 'டெட்எக்ஸ்' வந்தது. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அது நடக்கிறது. நம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 2012இல் பெங்களூர் டெட் மேடையில், மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த கதையைத் தனக்கு வந்த ஆங்கிலத்தில் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். இலக்கணம் தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் அந்தப் பேச்சைப் பேச முடியாது.

மேல்நாட்டிலும் இது 1984இல் முளைத்த சங்கதி இல்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இலேயே இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் விஞ்ஞானச் சொற்பொழிவுகள் தொடங்கிவிட்டன. மைக்கேல் ஃபாரடே பல ஆண்டுகள் அதில் பேசினார். அங்கே வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு என்று இன்னொன்றும் உண்டு. மணி அடிக்கும்போது தொடங்கி, சரியாக ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரு தடவை பேச வேண்டியவர் கடைசி நிமிஷத்தில் பயந்து ஓடிவிட்டாராம். அதிலிருந்து பேச்சாளரைச் சற்று முன்னதாகவே ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நம் ஊரில் பேச்சாளரை மேடையிலிருந்து இறக்கத்தான் பூட்டும் சாவியும் தேவைப்படும்!

இனி நம்ம கதை.

புகார் நகரத்து இந்திர விழாவில் அறிஞர்கள் ஏறி வாதம் செய்யப் பட்டிமண்டபம் இருந்ததை மணிமேகலை சொல்கிறது. அது பழங்கதை. நாம் இன்று அறிந்த மேடைப் பேச்சு, அதாவது ஒருவர் எழுந்து நின்று, பாட்டும் தாளமும் இல்லாமல், வசனத்தில், முன்னே இருக்கிற பொதுமக்களைப் பார்த்து ஒரு பொருளை விளக்குவது, அவ்வளவு பழையது இல்லை. அதற்கு முன்பு கதாகாலட்சேபம் உண்டு, புராணம் வாசித்துப் பொருள் சொல்வது உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் முதல் பிரசங்கம் செய்தார். பாதிரிமார்கள் தேவாலயத்தில் செய்ததைப் பார்த்து, அதே ஆயுதத்தை அவர் சைவத்துக்கு எடுத்தார். தமிழ் மேடையின் தொடக்கத்தை அங்கிருந்து எண்ணுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. தொடக்கமே ஒரு போட்டியில்தான் என்பதையும் கவனியுங்கள்.

நம் சீமைக்கு அந்தப் பழக்கம் வந்தது சபைகள் மூலம். பொன்னமராவதிக்குப் பக்கத்தில் மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தொடங்கியது. பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் அதன் உயிர்நாடி. காரைக்குடியில் 1917இல் இந்து மதாபிமான சங்கம். பாரதியார் 1919இல் காரைக்குடிக்கு வந்தபோது அந்தச் சங்கத்தாரோடு இருந்தார். கையில் கோலோடு அவர் இருக்கிற அந்தப் புகழ்பெற்ற படம் அப்போது எடுத்ததுதான். திருமயத்தில் 1887இல் பிறந்து, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்த சத்தியமூர்த்தியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து மண்ணுக்குப் பேச்சு புதிதல்ல.

அரிமளத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் அதிஷ்டானம் நம் ஊரில் இருக்கிறது. அவரைத் தம் ஞானாசிரியராகக் கொண்டவர் மனோன்மணீயம் எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. அந்த நாடகத்தில் வருகிற சுந்தர முனிவர் என்ற பாத்திரத்துக்குக் குருவின் பெயரையே வைத்தார். 1891இல் வெளிவந்த அந்த நூலின் வாழ்த்துப் பாடலிலிருந்து எடுத்ததைத்தான் 1970 முதல் தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடுகிறோம். ஆக, தமிழ்நாட்டில் எந்தக் கூட்டம் தொடங்கினாலும், எழுந்து நிற்கிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அரிமளத்துக்கு ஒரு நூல் தொலைவில்தான் நிற்கிறார்கள். ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் பேசத்தான் செய்கிறேன்.

இப்போது காரைக்குடிக்கு வருவோம். 1939 ஏப்ரல் மாதம் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கி முதல் விழாவை நடத்தியவர் சா. கணேசன். 1908இல் பிறந்தவர், காங்கிரஸ்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். பின்னாளில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் சேர்ந்து 1962இல் சட்டமன்ற உறுப்பினரானார். சட்டை போட மாட்டார், வேட்டியும் துண்டும்தான். கம்பன் அடிப்பொடி என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டார். முதல் விழாவுக்குத் தலைமை ரசிகமணி டி.கே.சி. அவர்கள்.

விழாவுக்கு நாள் குறித்த விதமே ஒரு சுவாரசியம். கம்பர் தம் இராமாயணத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றியது சகாப்தம் 807, பங்குனி அத்த நாள் என்று ஒரு தனிப்பாடல் சொல்கிறது. ஆங்கில ஆண்டுக் கணக்கில் அது 886. கம்பர் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர் என்று அடித்துப் பேசுகிற ஆராய்ச்சியாளர்கள் நிறைய. கணேசன் ஒன்பதாம் நூற்றாண்டுக் கட்சி. அதை வைத்துப் பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில், நான்காம் நாள் அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பர் சமாதி என்று வழங்குகிற இடத்தில் என்று ஒழுங்கு செய்தார். உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருகிற நாள். பஸ் குறைவாக இருந்த காலத்தில் கூட்டம் முடிந்து நிலா வெளிச்சத்தில் வண்டி கட்டிக்கொண்டு திரும்புவதற்கும் அது தோதாகத்தான் இருந்திருக்கும்.

கணேசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது நேரம். அழைப்பிதழில் போட்ட மணிக்கு விழா தொடங்கும். பந்தலில் பத்துப் பேர் இருந்தாலும் தொடங்கும், மந்திரி வந்துகொண்டிருந்தாலும் தொடங்கும். பேச்சாளருக்குக் கொடுத்த நிமிஷம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். எங்கள் அரிமளத்துப் பெரியவர் ஒருவர் மதியமே வீட்டுத் திண்ணையில் வந்து நின்று, "என்னப்பா இன்னும் குளிக்கலையா? அங்க யாருக்காகவும் காத்திருக்க மாட்டாக. லேட்டாப் போனா வாசல்ல நின்னு வேர்க்கடலை திங்க வேண்டியதுதான்" என்று விரட்டுவார். கல்யாண வீட்டுக்குக்கூட அவர் அப்படிக் கிளம்பி நான் பார்த்ததில்லை. டெட்காரர்களின் 18 நிமிஷத்தைக் கேட்டு இன்று வியக்கிறோம். அதற்கு நாற்பத்தைந்து வருஷம் முன்பே இந்தச் செம்மண் பூமியில் ஒருவர் கடிகாரத்தை வைத்து இலக்கிய விழா நடத்தியிருக்கிறார்.

நேரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த மேடையில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பது. குன்றக்குடி அடிகளார் ஒரு சைவ மடத்தின் தலைவர். ஜீவா என்கிற ப. ஜீவானந்தம் கம்யூனிஸ்ட். 1920களில் காரைக்குடிக்குப் பக்கத்துச் சிராவயலில் ஆசிரமம் நடத்தியவர். 1927இல் காந்தியடிகள் அங்கே போய் அவரைப் பார்த்தார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் நாகூர்க்காரர், முஸ்லிம். 1979இல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியானவர். சென்னையில் கம்பன் கழகத்தை உருவாக்கியதும் அவர்தான். நீதிபதி எஸ். மகராஜன், பேராசிரியர் அ.ச. ஞானசம்பந்தன் என்று இன்னும் அடுக்கலாம். ராமனைத் தெய்வம் என்று கும்பிடுகிறவரும், கடவுளே இல்லை என்கிறவரும், அல்லாவைத் தொழுகிறவரும் ஒரே நூலை வைத்துக்கொண்டு, ஒரே பந்தலில், நம் தாத்தா பாட்டிகளுக்கு எதிரே பேசினார்கள். டிக்கெட் கிடையாது.

இது சும்மா ரசனைக் கச்சேரி என்று நினைத்துவிடக் கூடாது. கம்பனைப் பேசுவதே வம்பான காலம் அது. 1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனபோது செட்டிநாட்டுத் தொழிலே ஆட்டம் கண்டது. அதே நேரத்தில், இராமாயணம் தமிழனை இழிவு செய்கிற நூல், அதைக் கொளுத்த வேண்டும் என்ற குரல் பெரியாரின் இயக்கத்திலிருந்து பலமாக எழுந்தது. 1943 பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில் அறிஞர் அண்ணாவும் பேராசிரியர் ரா.பி. சேதுப் பிள்ளையும் நேருக்கு நேர் நின்று இதை விவாதித்தார்கள். அடுத்த மாதம் 14ஆம் தேதி சேலத்தில் அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். அந்த வாதங்கள் 'தீ பரவட்டும்' என்று புத்தகமாகவே வந்தன. வாங்கிப் படித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, இரண்டு தரப்பும் நூலை முழுக்கப் படித்துவிட்டு வந்து மோதியது தெரியும். கொளுத்தச் சொன்னவரும் கரைத்துக் குடித்திருந்தார்!

ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் விழா. இன்று நின்று பார்க்கும்போது எனக்கு இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை என்றுதான் தோன்றுகிறது. கொளுத்துவோம் என்ற குரல் இல்லாவிட்டால் கம்பன் கழகங்கள் ஊர் ஊராக இத்தனை வேகமாகப் பரவியிருக்குமா என்பது சந்தேகம். நம் புதுக்கோட்டையிலும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் 1980இல் இலங்கை ஜெயராஜ் போன்ற இளைஞர்கள் ஒன்று தொடங்கினார்கள். சண்டைச் சூழலில் அங்கிருந்து பெயர வேண்டி வந்த பிறகு அதைக் கொழும்பில் தொடர்ந்தார்கள்.

பேச்சைக் கேட்பதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. என் வீட்டிலேயே உண்டு. அவர்களுக்கு நான் சொல்கிற உதாரணம் 1947. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் நினைவாக ஒரு கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் பேசும்போது, நாட்டுக்குக் கல்லூரிகள் போதவில்லை, செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டார். இப்படிப்பட்ட வேண்டுகோளுக்குக் கைதட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவதுதான் வழக்கம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கோட்டையூர் அழகப்பச் செட்டியாரும் ஒருவர். அந்த இடத்திலேயே, காரைக்குடியில் நான் ஒரு கல்லூரி தொடங்குகிறேன் என்றார். ஆகஸ்டில், கட்டடம் கட்டுகிற வரைக்கும்கூடக் காத்திராமல், காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 25 அன்று நேரு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்காக அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். அரிமளம், ராயவரம், கடியாபட்டி என்று சுற்று வட்டாரப் பிள்ளைகள் எத்தனை பேர் பட்டதாரி ஆனதற்கு அந்த ஒரு சாயங்காலம் காரணம் என்று எண்ணிப் பாருங்கள். பேசியவரைவிடக் கேட்டவர் பெரிய ஆள் என்பேன் நான்.

பட்டிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பட்டிமண்டபத்துக்கு இன்றைய உருவம் கொடுத்ததில் காரைக்குடி விழாவுக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பனின் பாத்திரங்களை வைத்து இருதரப்பு வாதம், நடுவில் அடிகளாரைப் போன்ற ஒருவர் நடுவர், கடைசியில் தீர்ப்பு. வழக்காடு மன்றம் என்று வாலி வதையைக் கோர்ட்டில் ஏற்றி விசாரித்தார்கள். அங்கே வழக்கறிஞரும் நீதிபதியும் நிஜமாகவே வழக்கறிஞரும் நீதிபதியுமாக இருந்தது தனி ருசி. 1990களில் சன் டி.வி. வந்தது, பேராசிரியர் சாலமன் பாப்பையா வந்தார், தீபாவளி பொங்கல் என்றால் பட்டிமன்றம் என்று ஆயிற்று. அதைக் கேலி செய்கிற பண்டிதர்கள் கூட்டத்தில் நான் இல்லை. பாப்பையா அவர்களின் மதுரைத் தமிழைக் கேட்டுச் சிரித்த பாட்டிமார் கோடி. 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், தகும். ஆனாலும் ஒரு குறை. தலைப்பு மாமியார் மருமகள், கணவன் மனைவி என்று சுருங்கச் சுருங்க, கேட்கிறவர் எதையும் படித்துவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. காரைக்குடிப் பந்தலில் கையில் கம்பராமாயணத்தோடு உட்கார்ந்து, பேச்சாளர் பாட்டைத் தப்பாகச் சொன்னால் முணுமுணுக்கிற ரசிகர்கள் இருந்தார்கள். பேச்சாளருக்கு அந்தப் பயம் இருந்தது. அந்தப் பயம்தான் பேச்சை நன்றாக்கியது.

டெட் மேடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மாணவத் தம்பியிடம் நான் இப்படித்தான் சொன்னேன். அங்கே பேச்சாளர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, வட்டமான சிவப்புக் கம்பளத்தில் நின்று, ஒரு யோசனையை அழகாகச் சொல்லிவிட்டு இறங்குகிறார். நேர்த்தி அபாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அது எப்படி ஐயா?' என்று எழுந்து கேட்க அங்கே பெரும்பாலும் அடுத்த நாற்காலியில் ஆள் கிடையாது. மாநாட்டில் நேரில் போய் உட்கார ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். மற்றவர்கள் திரையில் பார்க்கலாம். இங்கே எதிர்த்தரப்பு அதே மேடையில் உட்கார்ந்திருந்தது, கேட்கிறவன் ஓசியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ ஒலிபெருக்கி நல்லா இருந்துச்சாங்க ஐயா?" என்றார். அதில் மட்டும் டெட் ஜெயித்தது என்று விட்டுக்கொடுத்துவிட்டேன்.

சா. கணேசன் 1982இல் காலமானார். அவர் எண்ணப்படி எழுந்த தமிழ்த்தாய் கோயிலுக்கு 1975இல் அடிக்கல் நாட்டி, 1993இல் திறந்தார்கள். காரைக்குடிக் கம்பன் மணிமண்டப வளாகத்தில் இருக்கிறது. பங்குனியில் விழாவும் தொடர்கிறது. நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி மண்ணை எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தால் வாக்கு வளரும் என்ற நம்பிக்கையும் தொடர்கிறது.

நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு இந்த மலர் வழியாகவே ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஆண்டுக்கூட்டத்தில் வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை என்று மூன்று மணி நேரம் போகிறது. அதில் ஒரு மணி நேரத்தை வெட்டி, நம்மில் விஷயம் தெரிந்த இருவரை எதிரெதிரே உட்கார வைப்போம். ஆளுக்கு இருபது நிமிஷம். மீதி இருபது நிமிஷம் மாணவர்கள் கேள்வி. தலைப்பை மூன்று மாதம் முன்பே அறிவித்துவிட வேண்டும், அப்போதுதான் கேட்கிறவர்கள் படித்துவிட்டு வருவார்கள். மணி அடிக்கிற பொறுப்பை முதலாண்டு மாணவர் அல்லது மாணவி ஒருவரிடம் கொடுத்துவிடலாம். பழைய மாணவர்கள் யார் கையிலும் அது இருக்கக் கூடாது. ஆய்வகத்தில் பழைய பித்தளை மணி ஒன்று கிடக்கிறது, தேய்த்தால் சத்தம் வரும்.